தராசு காட்டாத பாரம்

அரிசி மண்டி வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 50 கிலோ மூட்டையை முதுகில் வாங்கி, சரிவுப் பலகையில் ஏறி லாரிக்குள் அடுக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி அடுத்த மூட்டைக்கு வந்து நிற்பார் ஒருவர். அதே தெருவில் ஒரு வீட்டுக் குளியலறையில், நழுவிப்போன சோப்பை எடுக்கக் குனிந்தவர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ‘இடுப்பு பிடிச்சுக்கிச்சு.’

எனக்கு ஒருமுறை இந்த இரண்டாவது ரகம் வாய்த்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ‘ஏதாவது வெயிட் தூக்கினீங்களா?’ சோப்பு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பக்கெட் என்று சொல்லி வைத்தேன்.

கூச்சப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தூக்கிய பொருளின் எடையைத் தராசு சொல்லும்; முதுகெலும்பின் மேல் விழுந்த பாரத்தை அது சொல்லாது. இரண்டும் வேறு வேறு கணக்குகள். இந்த இரண்டாவது கணக்கைப் போட்டுப் பார்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்களில் ஒருவர் வில்லியம் மராஸ். மருத்துவர் அல்ல, பொறியாளர். 1982-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தவர். 2009-இல் அந்நாட்டின் தேசியப் பொறியியல் அகாடமிக்குத் தேர்வானவர். அவருடைய துறைக்குத் தமிழில் ‘பணிச்சூழலியல்’ என்று பெயர். ‘எர்கனாமிக்ஸ்’ என்றால் நாற்காலி விளம்பரம் ஞாபகத்துக்கு வரும். கிரேக்கத்தில் எர்கான் என்றால் வேலை, நோமோஸ் என்றால் விதி. நம் கலைச்சொல்லில் ‘சூழல்’ முன்னால் வந்து நின்றுகொண்டு உடலை மறைத்துவிடுகிறது என்பது என் குறை. வேலைக்கு ஏற்றபடி ஆளை வளைக்காமல் ஆளுக்கு ஏற்றபடி வேலையை அமைப்பது எப்படி என்பதுதான் அந்தத் துறையின் கேள்வி.

முதலில் சோப்புக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பூங்காவில் சீசா பலகை இருக்கிறது. ஒரு முனையில் குழந்தை. மறுபக்கம் அப்பா ஏறினால் குழந்தை வானத்துக்குப் போய்விடும் என்பதால், அவர் நடுத்தாங்கியை ஒட்டி உட்காருகிறார். பலகை சமநிலைக்கு வருகிறது. குழந்தை தாங்கியிலிருந்து பத்து மடங்கு தூரத்தில் இருந்தால், அப்பா பத்து மடங்கு எடையோடு இருந்தால்தான் சரியாகும். சுழற்றும் இந்த வலிமையை, அதாவது எடையும் அது தாங்கியிலிருந்து விலகி நிற்கும் தூரமும் சேர்ந்து தரும் பலனை, பள்ளிப் பாடநூல் ‘திருப்புத்திறன்’ என்கிறது.

நம் இடுப்பும் ஒரு சீசாதான். முதுகெலும்பின் கீழ்ப்பகுதி தாங்கி. கையில் பிடித்திருக்கும் பெட்டி, நீண்ட பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. முதுகெலும்பை ஒட்டி ஓடும் முதுகுத் தசைகள் அப்பா. ஆனால் அந்தத் தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. 20 கிலோ பெட்டியை 50 சென்டிமீட்டர் எட்டத்தில் பிடித்தால், அதைச் சமன்செய்யத் தசைகள் 200 கிலோவுக்குச் சமமாக இழுக்க வேண்டும். சீசாவில் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று உண்டு: தாங்கி. குழந்தையின் எடை, அப்பாவின் எடை இரண்டும் சேர்ந்து அதன் தலையில்தான் விழுகின்றன. இடுப்பிலும் அப்படியே. பெட்டியின் எடையும் தசையின் இழுப்பும் சேர்ந்து முதுகெலும்பை நசுக்குகின்றன.

இப்போது பெட்டியை எடுத்துவிடுங்கள். சோப்புக்காகக் குனிகிறவரின் தலை, தோள், கை, மார்பு எல்லாம் முன்னால் தொங்குகின்றன. உடல் எடையில் ஏறக்குறைய பாதி இடுப்புக்கு மேலேதான் இருக்கிறது. 70 கிலோ ஆள் என்றால் ஏறக்குறைய 35 கிலோ, தாங்கியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு மேல் விலகி நிற்கிறது. அதைப் பிடித்து நிறுத்தத் தசைகள் 150 கிலோவுக்கும் மேல் இழுக்க வேண்டியிருக்கிறது. 100 கிராம் சோப்பு இந்தக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. அவர் தூக்கியது தன்னைத்தான். மூட்டைக்காரர் செய்வது என்ன? மூட்டையை உடம்போடு ஒட்டி, தாங்கிக்கு மேலேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறார். குழந்தையைத் தூக்கி நடுத்தாங்கியின் மேல் உட்கார வைத்ததுபோல. எடை குறையவில்லை, எட்டம் குறைந்துவிட்டது.

காகிதத்தில் கணக்குப் போடுவது யாராலும் ஆகும். உள்ளே உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது என்று எப்படித் தெரியும்? இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஜவ்வும் நாருமாக ஒரு மெத்தை இருக்கிறது. இடைத்தட்டு என்பார்கள், எக்ஸ்ரே பார்த்துவிட்டு வருகிறவர்கள் ‘டிஸ்க்’ என்பார்கள். 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், உயிரோடிருக்கும் மனிதர்களின் இடைத்தட்டுக்குள் ஊசி செலுத்தி, நிற்கும்போதும் உட்காரும்போதும் குனியும்போதும் உள்ளே அழுத்தம் என்ன என்று அளந்தார். 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆய்வாளர்கள் அதைச் சிறிய நவீன உணரியைக் கொண்டு மறுபடி செய்தார்கள். ஊசி ஏற்றிக்கொள்ள முன்வந்தவர் 45 வயது எலும்பு மருத்துவர். ஒரு நாள் முழுக்க அதோடு நடந்தார், தும்மினார், தூங்கினார். நிற்கும்போது அவருடைய இடைத்தட்டுக்குள் இருந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல 5 மடங்கு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2-ஐ ஒட்டித்தான் இருக்கும். முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது இடைத்தட்டின் அழுத்தம் 23-க்குப் போனது. முட்டியை மடக்கித் தூக்கியபோது 17. அதே 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 11. ஒரே ஒரு மனிதரின் முதுகு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் சீசா கணக்கு எந்தத் திசையைக் காட்டியதோ ஊசியும் அதே திசையைத்தான் காட்டியது.

முட்டியை மடக்கித் தூக்கு என்ற அறிவுரை இங்கிருந்துதான் பலம் பெறுகிறது. அதையும் சும்மா நம்பிவிட முடியாது. தூக்குகிற பெட்டி இரண்டு முழங்கால்களுக்கு நடுவே அடங்கினால் சரி. அகலமான பெட்டி என்றால் மடக்கிய முட்டியே அதை முன்னால் தள்ளிவிடும், எட்டம் கூடிவிடும், மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

இடைத்தட்டைப் பற்றி இன்னொரு சங்கதி. பெரியவர்களின் உடம்பில் அதற்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. விளிம்புக்கு மட்டும்தான் எட்டும். சாப்பாடு மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளிலிருந்து கசிந்துதான் வர வேண்டும். எலும்புக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய மூடிபோல ஒரு படலம் இருக்கிறது. முகத்தட்டு என்று வைத்துக்கொள்வோம். இறந்தவர்களின் முதுகெலும்புத் துண்டுகளை எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தபோது, பெரும்பாலும் முதலில் விரிசல் விட்டது இந்த முகத்தட்டுதான். உயிருள்ள உடம்பில் விரிசல் ஆறும், தழும்பாக ஆறும். தழும்பு வழியாகச் சாப்பாடு சரியாகக் கசியாது. தட்டு மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கும். உள்பகுதியில் வலி நரம்பு இல்லாததால் யாருக்கும் சேதி போகாது. இடுப்பு வலி எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று எவரும் சொல்லவில்லை. தசை, மூட்டு, நரம்பு என்று வழிகள் பல. ஆனால் வலி வந்த நாளும் சேதம் நடந்த நாளும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்பது இதிலிருந்து புரியும். சோப்பின் மேல் பழியைப் போடுவதில் நியாயமில்லாமல் போகலாம்.

மராஸுக்கு முன்பே இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் டான் சாஃபின். 1960-களின் கடைசியில் மனித உடலைக் கீல்களால் பிணைத்த சட்டங்களாகப் பாவித்து, எந்த நிலையில் நின்று எதைத் தூக்கினால் இடுப்பில் என்ன விழும் என்று சொல்லும் மாதிரியை உருவாக்கினார். 1981-இல் அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தூக்கும் வேலைகளுக்கு வழிகாட்டி வெளியிட்டபோது, முதுகெலும்பில் 350 கிலோவுக்குச் சமமான அமுக்கத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. பிறகு அதைத் திருத்தி, எல்லாமே சாதகமாக இருந்தால் 23 கிலோ வரை பரிந்துரைக்கலாம் என்றார்கள். அந்தச் சாதகங்களில் ஒன்று சுமை 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது. 50 சென்டிமீட்டருக்குப் போனால் 23 என்பது பாதியாகிவிடும். சீசா இங்கே சட்டமொழியில் பேசுகிறது.

இந்த மாதிரிகள் புகைப்படத்தைப் போன்றவை. தூக்குகிற ஆள் ஒரு நிலையில் உறைந்து நிற்கிறார், அதற்குத்தான் கணக்கு. தொழிற்சாலையில் யாரும் உறைந்து நிற்பதில்லை. பெல்ட்டில் பெட்டி வந்துகொண்டே இருக்கிறது. எடுத்து, பாதி திரும்பி, பக்கவாட்டில் சாய்ந்து, பின்னால் உள்ள அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்ப வேண்டும். மராஸுக்கு வேண்டியிருந்தது புகைப்படம் அல்ல, சினிமா.

அதற்காக அவரது குழு செய்த கருவியைப் படத்தில் பார்த்தால் பெரிய மீனின் முள்ளை ஒருவர் முதுகில் கட்டியதுபோல இருக்கும். தோளிலும் இடுப்பிலும் வார் போட்டு மாட்டும் வெளி முதுகெலும்பு அது. பிளாஸ்டிக் கணுக்களுக்குள் கம்பிகள் ஓடும். ஆள் குனிந்தால், சாய்ந்தால், முறுக்கினால் கம்பிகள் இழுபடும். எவ்வளவு இழுபட்டது என்பதிலிருந்து முதுகு எந்தக் கோணத்தில் எவ்வளவு வேகமாக அசைந்தது என்று கணம் கணமாகத் தெரிந்துவிடும். ‘இடுப்பு அசைவுமானி’ என்று நான் தமிழாக்கிக்கொள்கிறேன். ஆய்வகத்துக்கு ஆளைக் கூப்பிடாமல், வேலை நடக்கும் இடத்துக்கே கருவியைக் கொண்டுபோக முடிந்தது என்பதில்தான் அதன் சாமர்த்தியம்.

1993-இல் வெளியான ஆய்வுக்காக, 48 தொழிலகங்களில் 400-க்கும் மேற்பட்ட தூக்கும் வேலைகளை இப்படி அளந்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் பழைய மருத்துவப் பதிவேடுகளை எடுத்து, யாருக்கும் முதுகு போகாத வேலைகள் ஒரு பக்கம், அடுத்தடுத்துப் பலருக்கும் போன வேலைகள் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். இந்த இரண்டையும் எது பிரித்துக் காட்டுகிறது? வெறும் எடையைவிட, எடையும் எட்டமும் சேர்ந்த திருப்புத்திறன் நன்றாகப் பிரித்தது. அதையும்விட நன்றாகப் பிரித்தது ஐந்து அளவுகளின் கூட்டணி: திருப்புத்திறன், ஒரு மணிக்கு எத்தனை முறை தூக்குகிறார், எவ்வளவு முன்குனிகிறார், பக்கவாட்டில் சாயும் வேகம், முறுக்கும் வேகம். ஐந்தும் சேர்ந்து மோசமாக இருந்தால், அந்த வேலை ஆபத்துப் பட்டியலில் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் பத்து மடங்குக்கும் மேல் கூடியது. கடைசி இரண்டும் புகைப்படத்தில் அகப்படவே அகப்படாதவை.

வேகம் ஏன் இத்தனை கேடு? கோயில் திருவிழாவுக்கு நட்ட உயரமான கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் அந்தப் பக்கமே ஒரு கயிறு கட்டினால் போதும். காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாவிட்டால்? நாலு பக்கமும் கயிறு கட்டி விறைப்பாக இழுத்துவிடுவோம். கம்பம் அசையாது. ஆனால் நாலு கயிறுகளின் இழுப்பும் கம்பத்தைக் கீழ்நோக்கித்தான் அழுத்துகின்றன. அடிமண் அத்தனையையும் தாங்க வேண்டும். மெதுவாக, நேராகத் தூக்கும்போது முதுகுத் தசைகள் மட்டும் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. வேகமாக, முறுக்கித் தூக்கும்போது உடம்புக்குப் பயம். முதுகுத் தசையோடு வயிற்றுத் தசையும் விலாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதால் இதை எதிரெதிர் இறுக்கம் எனலாம். பெட்டியைத் தூக்க இது உதவுவதில்லை. முதுகெலும்பை நசுக்க உதவுகிறது.

தசை இறுகும்போது மெல்லிய மின்சாரம் உண்டாகும். மராஸின் ஆய்வகத்தில் உடற்பகுதியின் ஐந்து இணைத் தசைகள்மேல், அதாவது பத்து இடங்களில், மின்வாய்களை ஒட்டி அதைப் பதிவுசெய்தார்கள். மின்சமிக்ஞையிலிருந்து ஒவ்வொரு தசையும் எவ்வளவு இழுத்தது என்று ஊகித்து, எல்லாவற்றையும் கூட்டி முதுகெலும்பின் பாரத்தைக் கணக்கிட்டார்கள். இது ஊகம்தானே என்று கேட்டால் கேள்வி நியாயம். அதற்காகத்தான் ஆளை விசை அளக்கும் தகட்டின் மேல் நிறுத்தி, வெளியிலிருந்தும் திருப்புத்திறனை அளந்தார்கள். தசைகள் பக்கமிருந்து எழுதிய கணக்கும் தரையின் பக்கமிருந்து எழுதிய கணக்கும் ஒத்துவந்தால்தான் மாதிரியை நம்புவது. கடைக்காரர் கல்லாவையும் ரசீதுப் புத்தகத்தையும் இரவில் ஒப்பிடுவதுபோல.

தசைகள் பயத்தில் இறுகும் என்றேன். அது வெறும் உவமையா? நான் இந்த ஆய்வுகளிலேயே மிகவும் ரசித்தது இந்த இடம்தான். 2000-இல் வெளியான ஒரு சோதனையில் 25 பேரைப் பெட்டி தூக்கச் சொன்னார்கள். சோதனை நடத்துபவர் ஒரு கட்டத்தில் இதமாகப் பேசினார், உற்சாகப்படுத்தினார். இன்னொரு கட்டத்தில் கடுகடுத்தார், குறை சொன்னார். பெட்டி அதே பெட்டி. எடை மாறவில்லை, எட்டம் மாறவில்லை. மின்வாய்களும் தகடும் காட்டியது: திட்டு வாங்கியபோது முதுகெலும்பின் அமுக்கமும் முள்ளெலும்புகளைப் பக்கவாட்டில் நழுவச் செய்யும் விசையும் கூடின. எல்லாருக்கும் அல்ல. குணத்தை அறியும் வினாத்தாளையும் நிரப்ப வைத்திருந்தார்கள். உள்ளொடுங்கிய இயல்புள்ளவர்களிடம் பாரம் கூடியது, கலகலப்பானவர்களிடம் அப்படியில்லை. கூடிய பாரத்துக்குக் காரணம் அந்த எதிரெதிர் இறுக்கம்தான்.

25 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. குணத்தைக் கட்டங்களில் அடைக்கும் வினாத்தாள்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதையும் இல்லை. ஆனால் மேஸ்திரியின் நாக்கிலிருந்து கூலியாளின் இடைத்தட்டு வரை ஒரு பாதை இருக்கிறது என்று மின்வாய் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ‘முதுகு வலின்னு சொல்றான், மனசுலதான் வலி’ என்று சொல்லித் தள்ளிவிடும் அதிகாரிகளுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. மனசும் முதுகும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள்.

ஆளைப் பழக்கிவிட்டால் போதும், தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கும் அந்த ஆய்வகத்தில் அடி விழுந்தது. நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் வேலையை 1999-இல் அளந்தார்கள். நோயாளியாக நடித்தவரின் எடை 50 கிலோதான், ஒத்துழைக்கவும் செய்தார். ஒருவர் தூக்கும் முறைகள், இருவர் தூக்கும் முறைகள் என்று பலவற்றைச் சோதித்தார்கள். பழகிய கைகளும் இருந்தன, புதிய கைகளும் இருந்தன. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும் ஆபத்து நீங்கவில்லை. பெட்டியை உடம்போடு அணைக்கலாம். கட்டிலில் கிடக்கும் மனிதரை அப்படி அணைக்கக் கட்டில் விடாது. நர்ஸின் குனிதல் கட்டிலின் உயரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எந்தப் பயிற்சி வகுப்பும் அந்த எழுத்தை அழிக்காது.

சரி, எந்திரம் வாங்கிக் கொடுத்துவிடலாம். பத்து வருஷம் கழித்து அதையும் அளந்தார்கள். சக்கரம் வைத்துத் தரையில் தள்ளும் நோயாளி தூக்கி, கூரையில் தண்டவாளம் போட்டு ஓடும் தூக்கி, இரண்டையும். தூக்கும் பாரம் எந்திரத்துக்குப் போய்விட்டது. ஆனால் தரைத் தூக்கியைக் குளியலறைபோன்ற குறுகிய இடத்தில் திருப்பும்போது, முள்ளெலும்புகளை ஒன்றின்மேல் ஒன்று நழுவச் செய்யும் விசை தாங்கும் வரம்பைத் தொட்டது. கூரைத் தூக்கியில் அந்தச் சிக்கல் வரவில்லை. நசுக்கும் பாரத்தை எந்திரம் எடுத்துக்கொண்டது, நழுவும் பாரத்தை நர்ஸிடம் விட்டுவிட்டது.

இப்போது தொழிற்சாலைகளில் பேச்செல்லாம் ‘எக்ஸோஸ்கெலிட்டன்’ பற்றித்தான். புறச்சட்டகம். வண்டின் ஓடுபோல உடலுக்கு வெளியே மாட்டிக்கொண்டு பலம் பெறலாம் என்கிறார்கள். 2018-இல் மராஸின் குழு அதில் ஒரு வகையைச் சோதித்தது: கனமான கருவியைக் கையில் பிடிக்காமல், உடம்பில் மாட்டிய சட்டகத்திலிருந்து நீளும் எந்திரக் கையில் தொங்கவிடும் வகை. 12 பேர் அதை மாட்டிக்கொண்டும் மாட்டாமலும் வேலை செய்தார்கள். கருவியின் கனத்தைத் தாங்கும் வேலை கைக்கும் தோளுக்கும் இல்லை. மின்வாய்கள் முதுகில் இருந்தன. எந்திரக் கை, கருவியின் எடையை உடம்புக்கு முன்னால் ஒரு எட்டத்தில் தொங்கவிட்டிருந்தது. கூடவே சட்டகத்தின் எடை. சீசாவின் நீண்ட பக்கத்தில் இன்னொரு குழந்தை ஏறிக்கொண்டது. முதுகெலும்பின் அமுக்கம் சில நிலைகளில் பாதிக்கும் மேல் கூடியிருந்தது.